இன்னும் இரண்டு துண்டு இஞ்சி

மெல்பேர்ணில் 1976 ஜனவரி வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. கீழே சலவைத் தொழிற்சாலையின் இஸ்திரி யந்திரங்கள் புஸ்ஸென்று ஆவி விடுகின்றன. மடித்த வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே மெய் லிங்கின் சிவப்புச் சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. நேற்று சுப்பர்வைசர் கொலின், நாற்றம் என்று சொல்லி அதிலிருந்த செவ்வந்திப்பூத் தேநீரைத் தொட்டியில் கவிழ்த்தார். இன்னொரு தரம் கண்டால் மெய் லிங்குக்கும், பக்கத்தில் நின்று அதைப் பங்கிட்டுக் குடிக்கிற விமலாதேவிக்கும் வேலை இல்லை என்றார். விமலாதேவிக்கு நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊராரின் அழுக்குத் துணி குவிகிற இடத்தில் செவ்வந்திப்பூ நாறுகிறதாம்! மலேசியாவின் ஈப்போவில் தமிழரோடு வளர்ந்த மெய் லிங் இரண்டு கோப்பைகளில் ஊற்றுகிறாள். மஞ்சள் தேநீரில் பூவொன்று மெல்லச் சுழல்கிறது. உடற்சூட்டைத் தணிக்க அது நல்லது. ஆனால் விமலாதேவியின் வயிறு அந்தப் பூவின் வெறும் குளிர்ச்சியைத் தாங்காது. அதனால் அவளுடைய கோப்பையில் மட்டும் ஓர் இஞ்சித் துண்டு விழுகிறது. காரமான மணம் ஆவியோடு எழும்புகிறது. கொலினின் சப்பாத்துச் சத்தம் வாசலில் வந்து நிற்கிறது. “வந்துட்டாரு விமலா, மறைச்சிரலாம்,” என்று மெய் லிங் போத்தலை எடுக்கப் போகிறாள். விமலாதேவி அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். கொலினைப் பார்த்தபடியே தன் கோப்பையை நீட்டுகிறாள். “இன்னும் ரெண்டு துண்டு போடும், மெய் லிங். மணம் வாசல்வரைக்கும் போகட்டும்.”