நாய்க்கு யார் பொறுப்பு?

கர்ணன் ஓங்கிய தடி நாயின் மண்டையில் விழவில்லை. குறுக்கே பாய்ந்து நாயை மறைத்துக்கொண்ட சுருளியாண்டியின் தோளில் விழுந்தது.

"அடிக்காதீகண்ணே! இது என் நாய்!"

பியூன் கர்ணன் திகைத்துப்போனார். உத்தமபாளையத்தை அடுத்திருந்த அந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சுருளியாண்டி தோட்டக்காரன். மனைவி, ஏழு வயது மகளோடு வளாகத்துக்குள்ளேயே ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தான். அந்த வீட்டில் நேற்றுவரை நாய் எதுவும் இருந்ததில்லை.

"ஏலே, விடுதிச் சமையல்கட்டுல வாய வைக்கிற தெருநாயிலே இது. அடிச்சுப் போடச் சொல்லி அய்யா உத்தரவு."

"இனிமே தெருநாய் இல்லண்ணே. நான் வளக்கப் போறேன்."

தோளைப் பிடித்துக்கொண்டே, நாயை ஒரு கயிற்றில் இழுத்தபடி, தலைமை ஆசிரியர் இஞ்ஞாசிமுத்துவின் அறை வாசலுக்குப் போனான். அவர் கண்டிப்பானவர். அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து நிதானமாக வாசித்தார்.

"வளாகத்துக்குள்ள பிராணி வளக்கிறவன் எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். எப்பவும் கட்டியே வைக்கணும். அது செய்யுற எல்லாத்துக்கும் உடையவனே பொறுப்பு. யாரையாவது கடிச்சா நாயை அந்த இடத்துலயே கொன்னுரணும், உடையவன் வேலையையும் வீட்டையும் விட்டுட்டுப் போயிரணும். சம்மதமா?"

"சம்மதங்கய்யா."

"இதுவரைக்கும் யாரையாவது கடிச்சிருக்கா?"

சுருளியாண்டி குனிந்து கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"இல்லீங்கய்யா."

காகிதத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தான். அவசரத்தில் மை இழுபட்டுப்போக, இரண்டாம் முறையும் வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவன் மனைவி பஞ்சம்மாள் மகளைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டாள். "நாய வீட்டுக்குக் கொண்டாந்தா எவ இருப்பா? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள்.

அவன் உலகமே அந்த நாயாகிவிட்டது. தான் தின்னும் கம்மஞ்சோற்றில் பாதியை அதற்கு வைத்தான். காலையில் கண் விழித்ததும் சட்டியில் தண்ணீர் ஊற்றி நாயின் முன்னே தள்ளிவிட்டு, அது நக்கிக் குடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். குடித்து முடித்த பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவான்.

ஏழாம் நாள் நாய் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்தது.

சுருளியாண்டிக்குக் கைகால் ஓடவில்லை. கஞ்சி வைத்தான், கருவாட்டைச் சுட்டு வைத்தான். நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"தின்னு சாமி... செத்துராத... ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்" என்று தரையில் குப்புற விழுந்து அழுதான். ஒரு தெருநாயைப் பார்த்துக் கும்பிடும் மனிதனை மாணவர்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கர்ணன் பதறிப்போய் ஓடி வந்தார். "ஏலே சுருளி, எந்திரிடா! விடுதியில மிஞ்சுன சோத்த இப்பத்தான் வயிறு முட்ட வச்சேன். அன்னைக்கு உன்னிய அடிச்சது மனசு கேக்கல, அதான். தின்ன மப்புல படுத்துக் கெடக்குடா!"

சுருளியாண்டி அவர் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று கர்ணனுக்கு விளங்கவில்லை.

மேலும் மூன்று நாட்கள் போயின. அடுத்த நாள் காலை இஞ்ஞாசிமுத்து பள்ளிக்குள் நுழைந்தபோது சுருளியாண்டி கயிற்றை அவிழ்த்துவிட்டு, மண்ணாங்கட்டியை எடுத்து நாயின் மேல் எறிந்து விரட்டிக்கொண்டிருந்தான். நாய் கேட்டைத் தாண்டி மார்க்கையன்கோட்டைப் பக்கமாக ஓடியது.

"என்னப்பா இது? எழுதிக் குடுத்து அனுமதி வாங்கின நாயை எதுக்கு வெரட்டுறே?"

"இனி அது வேண்டாங்கய்யா. பத்து நாள் முடிஞ்சிருச்சு. நான் மதுரைப் பெரியாசுபத்திரிக்குப் போயிச் சொல்லணும். ரெண்டு நாளு லீவு குடுங்கய்யா."

"பத்து நாளா? அது என்ன கெடு?"

"பத்து நாளு சாகாம இருந்துட்டா அந்த நாய்க்கு வெறி இல்லேன்னு டாக்டரய்யா சொன்னாக. அதுவரைக்கும் கட்டிப் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கச் சொன்னாக."

இஞ்ஞாசிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. "வெறி இருந்தா என்ன, இல்லாட்டி உனக்கென்ன? அது யாரையும் கடிக்கலையே?"

சுருளியாண்டி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். பத்து நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து கொட்டியது.

"எம் மகளக் கடிச்சிருச்சுங்கய்யா!"