கூரை அறுத்த கார்

டூரின் நகரத்துப் பட்டறையில், பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கூரை அறுபட்டுத் தரையில் கவிழ்ந்து கிடக்கிறது. இருக்கைகளில் உதிர்ந்த இரும்புத்தூள் காலை வெயிலில் மினுங்குகிறது. அறுத்து முடித்த மெக்கானிக் மிரெல்லா மெஷினை அணைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். சொல்லாமல் வந்துவிட்ட ஒட்டாவியோ தூளைக்கூடத் தட்டாமல் தன் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். "கோடையில திறந்த காரா ஓட்டலாம்னுதான்ப்பா..." மகன் ஃபவுஸ்டோ இழுக்கிறான். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா." "நீங்கதான் இப்ப ஓட்டுறதே இல்லையேப்பா." சொன்ன பிறகு அவனுக்கு முகம் காந்துகிறது. அவர் இறங்கப் பார்க்கிறார். பழக்கத்தில் கூரை விளிம்பைப் பிடிக்க உயர்ந்த கை வெறும் காற்றைப் பற்றுகிறது. ஃபவுஸ்டோ ஓடிவந்து கையை நீட்டுகிறான். அவர் அவனைத் தாண்டிப் பார்த்து, மிரெல்லாவிடம் சொல்கிறார்: "கொஞ்சம் கை குடும்மா."