காதில் விழாத வசவு

மேலாளர் ரகோத்தமனைப் போல மூளைக்காரர் கிடைக்கமாட்டார் என்று, அவரை அடக்காமல் ஊழியர்கள் காதில் கருவி மாட்டியது நிர்வாகம். அவருடைய வசவை அது பாராட்டாக மாற்றித் தரும். நாளாவட்டத்தில், கேட்பது கருவியின் பாராட்டு என்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மாரிக்கனியின் கருவிக்குச் சார்ஜ் தீர்ந்தது.

அவளைப் பார்த்து, "கக்கூஸ் கழுவுறவ பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா?" என்றார் ரகோத்தமன்.

எல்லோரும் புன்னகைத்தார்கள். "தேங்க்ஸ் சொல்லுடி. என்னையெல்லாம் தினம் பாராட்டுவாரு," என்று இடித்தாள் பக்கத்திலிருந்த ஜெசிந்தா.

வேலை போனால் அம்மா மறுபடியும் கழுவப் போக வேண்டும். ஆனாலும் மாரிக்கனி எழுந்தாள். கருவி அவர் குரலை மட்டும்தானே மாற்றும்?

"சார் இப்ப சொன்னது இதுதான்," என்று அதே வார்த்தைகளை, ஒன்று விடாமல், உரக்கச் சொன்னாள்.

ஜெசிந்தாவின் சிரிப்பு வற்றியது. "அப்போ மூணு வருஷமா என்னை என்னடி சொல்லிட்டிருந்தாரு?"