நாற்பது மீட்டர் ரிவர்ஸ்

"ட்ரில்தான் அண்ணை, கெதியா வாங்கோ."

கிருபன் கதவைத் தட்டிச் சொன்னபோது சோலைமுத்து ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்த மத்தியானம். மாசம் ஒரு தடவை நடக்கிற தீயணைப்புப் பயிற்சிக் கூத்துதானே என்று கையை உதறிக் கழுவிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அரபு நாட்டுச் சோனாப்பூரில், தொழிலாளர்கள் தங்கும் அந்த லேபர் கேம்ப்புக்கென்று சொந்தமாக ஒரு தீயணைப்பு வண்டி இருந்தது. ஒரு காலத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய மூணு டன் பிக்கப் அது. கேம்ப் வாலண்டியர்கள் பதினோரு பேர் சேர்ந்து அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின்னால் ஆயிரம் லிட்டர் டேங்க், கயிற்றைச் சுண்டி இழுத்தால் ஓடும் பம்ப், உருளையில் சுற்றிய ஹோஸ், ஹெல்மெட்டுகள், இரண்டு புகை மாஸ்க் எல்லாம் ஏறியிருந்தன. வாலண்டியர் டீமுக்குத் தலைவன் கிருபன்; யாழ்ப்பாணத்துப் பையன், கம்பெனியில் சேஃப்டி வேலை. டிரைவர் சோலைமுத்து.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சோலைமுத்து அந்த வண்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டாமல் விடமாட்டான். ஊருக்கு அனுப்புகிற போட்டோவிலெல்லாம் வண்டிதான் இருக்கும். இதுல நீங்க எங்க இருக்கீங்க என்று பெண்டாட்டி நாகவள்ளி கேட்டு அலுத்துவிட்டாள்.

ஆனாலும் அவனிடம் ஒரு கண்டிஷன் உண்டு. போன வருஷம் பக்கத்து குடோன் எரிந்தபோது வண்டியை எடுத்துப்போனவன், நெருப்பைக் கண்ணால் பார்த்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துவிட்டான். கை விரல்களைப் பிரிக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனைத் தின்றது. மறுநாள் சாவியைக் கிருபனிடம் நீட்டினான். கிருபன் வாங்க மறுத்ததும், ட்ரில்லுக்கு மட்டும் ஓட்டுகிறேன், நெசமான தீ என்றால் பாலமுரளியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். பாலமுரளி இப்போது சைட்டில் பகல் டூட்டியில் இருந்தான்.

மெஸ்ஸுக்குப் பின்பக்கம் வண்டியை விடச்சொன்னான் கிருபன். கேம்ப்பிலேயே மோசமான சந்து அது. நாற்பது மீட்டர், ரிவர்ஸில்தான் போக முடியும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கேஸ் சிலிண்டர்கள் அடுக்கிய கம்பிக் கூண்டு. இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிச்சம். அதில் வண்டியைக் கொண்டுபோக சோலைமுத்துவை விட்டால் ஆளில்லை.

சந்தின் கோடியில், மெஸ் திரும்புகிற மூலைக்கு அப்பாலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வழக்கமாக டிரம்மில் ஈர அட்டையை எரிப்பார்கள். இன்றைக்குக் கறுப்பாக வந்தது. பழைய டயரைப் போட்டிருப்பான்கள் என்று நினைத்துக்கொண்டு சோலைமுத்து கண்ணாடிகளை மடக்கினான்.

ட்ரில் என்றால் கிருபன் கேட் அருகே ஸ்டாப்வாட்சோடு நின்று நிமிஷத்தைக் கத்துவான். இன்று வெறுங்கையோடு வண்டிக்குப் பின்னால் ஓடி ஓடி, இடது, வலது என்று சைகை காட்டிக்கொண்டிருந்தான். சோலைமுத்து ஜன்னலில் தலையை நீட்டி, சீட்டியடித்தபடி வண்டியை விட்டான். எங்கும் உரசவில்லை.

இறங்கி, ஒரே இழுப்பில் பம்பை ஓடவிட்டான். கிருபனும் இன்னொரு வாலண்டியர் ஜாபர் சாதிக்கும் மாஸ்க்கை மாட்டி, ஹோஸை இழுத்துக்கொண்டு மூலை திரும்பி மறைந்தார்கள். சோலைமுத்து வண்டியோடு நின்று, பிரஷர் முள் இறங்காமல் பார்த்துக்கொண்டான். அது அவன் வேலை; அதிலிருந்து கண்ணை எடுக்கமாட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஜாபர் சாதிக் ஒரு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சமையல்கார முனியசாமி. ட்ரில்லில் அடிபட்ட ஆளாக யாராவது ஒருவர் நடிப்பது வழக்கம். முகமெல்லாம் கரி, விடாத இருமல். மூஞ்சியில மை பூசினதெல்லாம் கொஞ்சம் அதிகம் மாமா என்று சோலைமுத்து கேலி செய்தான். இருமிக்கொண்டே எட்டிச் சோலைமுத்துவின் கையைப் பிடித்த முனியசாமி, வெகுநேரம் விடவேயில்லை. பெரிய நடிகர்தான் என்று இவன் சிரித்தான்.

டேங்க் காலியாகிற சமயத்தில் புகை வெளுத்து, மெலிந்து, நின்றது. அதற்குள் அரசாங்கத் தீயணைப்புப் படையான சிவில் டிஃபென்ஸின் பெரிய வண்டியும் வந்துவிட்டது. சந்துக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றது. அதிகாரிகள் இறங்கி ஓடிவந்தார்கள். ட்ரில்லைப் பார்க்க அவர்களே வந்திருப்பது சோலைமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது. அதில் மூத்தவர் மெஸ்ஸுக்குள் போய்வந்தார். கேஸ் கூண்டைப் பார்த்தார், அதையொட்டி நின்ற பிக்கப்பைப் பார்த்தார். பிறகு சோலைமுத்துவின் தோளைத் தட்டி, அரபியில் என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

கிருபன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியின் பம்பரில் பொத்தென்று உட்கார்ந்தான். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. சோலைமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். மனசு லேசாகி, அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ஒரு கீறல் இல்லாம விட்டேன் பாத்தியா தம்பி. இதுவே நெசமான தீயா இருந்திருந்தா, இந்தச் சந்துக்குள்ள நான் கால் வச்சிருப்பேன்கிற?"

கிருபன் பாட்டிலை முழுக்கக் குடித்து முடித்தான்.

"ட்ரில் எண்டு உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான், அண்ணை."