முட்டைப் பொரியல்

தனியாளுக்கு எதற்கு அடுப்பு என்று ஞானமுத்து சமைப்பதையே விட்டுவிட்டார். எழுபத்தாறு வயது. அவர் ரத்தத்தில் காவல் இருந்த வெள்ளணுக்களில் இரண்டு பேர் நெட்டையனும் குட்டையனும்.

அன்று வாசல்படியில் இடித்து அவர் கால் விரல் பிளந்தது. கிருமிகள் உள்ளே நுழைந்தன.

"முன்னெல்லாம் ஒரே பாய்ச்சல்ல போயிருப்போம். வயசாயிடுச்சுடா" என்றான் நெட்டையன்.

"வயசு மட்டுமா? மூணு வேளையும் டீயும் ரஸ்க்கும் வந்தா எதை வச்சு சண்டை போடுறது?" என்றான் குட்டையன்.

அப்போது ஞானமுத்துவின் மகள் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. சாம்பார், முட்டைப் பொரியல்."

"முட்டையாம்டா!" என்று குட்டையன் துள்ளினான்.

இருவரும் காத்திருந்தார்கள். டீதான் வந்தது. அதன் பாலில் இருந்த துளிச் சத்து ஒருவனுக்கே காணாது. நெட்டையன் அதைக் குட்டையன் பக்கம் தள்ளினான்.

"உனக்குடா?"

"எனக்கு ஆச்சு. நீ சாப்பிட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு, நெட்டையன் வெறும் வயிற்றோடு கால் விரலை நோக்கி நடந்தான்.