ஹம்மிங்

"அத்தே, ஜீப்பு வந்துட்டு! வந்துட்டாரு, வந்துட்டாரு!" ஜிஜி வாசலுக்கும் மேசைக்குமாக ஓடினாள்.

"வரட்டும்ட்டி. அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்க?" என்றாள் மாமியார் மதலேனம்மாள். சொன்னவள் மட்டும் என்னவாம், விடிந்ததும் விடியாததுமாகப் பெட்டிச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்!

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலை ஃபாக்டரியை ஒட்டிய தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு அது. ஜிஜி பிறந்ததும் அந்த லயம்தான், வாழ்க்கைப்பட்டதும் அதே லயத்தில்தான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தும் கிடைத்ததென்னவோ கொழுந்து பறிக்கிற வேலை. எஸ்டேட் கிளப்பில் கழித்துப் போட்ட பழைய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைக் கண்டதும் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. கேட்டு வாங்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இது கொழுந்து சீசன். ஃபாக்டரிக்கு ராப்பகல் ஓய்வில்லை, ஜிஜிக்கும் ஓய்வில்லை. பகலெல்லாம் கூடை, மிச்ச நேரமெல்லாம் சால்டரிங் அயர்ன்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் கோகுல்நாத். கொழிஞ்சாம்பாறைக்காரர். பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்த்து விற்கிற கடை வைத்திருக்கிறார். கடைக்கு நல்ல ரிப்பேர்க் கை வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் தலையாட்டிவிட்டால் ஜிஜி கொழுந்துக் கூடையை ஆணியில் மாட்டிவிடலாம்.

ஆனால் அவர் தலையாட்டினால்தானே? ஜிஜி ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு வாட்ஸாப்பில் ஒலிப்பதிவு அனுப்பும்போதெல்லாம் ஒரே பதில்: 'ஹம்மிங் இருக்குதுங்க அம்மிணி.' ஃபில்டர் கண்டன்சர்களை மாற்றினாள். ஹம்மிங் இருக்குதுங்க. எர்த் வயரையெல்லாம் பிரித்து மறுபடி போட்டாள். ஹம்மிங் இருக்குதுங்க. டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தாள். அதற்கும் அதே பாட்டு! அவள் காதுக்கோ ஒன்றுமே கேட்கவில்லை. ரோஷம் வந்து, "நேர்ல வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க சார்" என்று போட்டுவிட்டாள். மனுஷர் மெய்யாகவே வந்துவிட்டார்.

"மலையேறுனதுல காது கப்புனு அடைச்சுப் போச்சுங்க. ஒரு சுடுதண்ணி குடுங்க" என்றபடி உள்ளே வந்தவர், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்ததும் சுடுதண்ணியை மறந்தார். மெருகேற்றிய மரக்கூடு, பளிச்சென்ற குமிழ்கள், மஞ்சள் விளக்குக்குள் இரண்டு மீட்டர் முள். "ஏனுங்க அம்மிணி, இது கழிச்சுப் போட்டதுங்களா? நம்பவே முடியலீங்களே!"

ஜிஜி பாட்டைப் போட்டாள். தபேலா இந்தப் பக்கம், வயலின் அந்தப் பக்கம். வீடே நிறைந்துவிட்டது. கோகுல்நாத் தொடையில் தாளம் போட்டார். "அடடா! அடடடா! தனித்தனியா உரிச்சு வெச்சாப்புல இருக்குதுங்க!" ஜிஜிக்குக் கால் தரையில் பாவவில்லை. மதலேனம்மாள் பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"செரிங்க, பாட்டை நிறுத்திப் போட்டு வால்யூமை ஏத்துங்க. கதவு ஜன்னலையெல்லாம் சாத்தீருங்க. இப்பத்தானுங்க பரீச்சை."

கோகுல்நாத் பின்சுவரோரம் இருந்த ஸ்பீக்கர் பக்கம் மண்டியிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காதைக் கொடுத்தார். ஜிஜி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகம் மெல்லச் சுருங்கியது.

"இருக்குதுங்களே அம்மிணி."

"என்னத்த இருக்காம்?" என்றாள் மதலேனம்மாள்.

"ஹம்மிங்குங்க."

"சினிமாப் பாட்டுல பொம்பளையாளுக இழுக்குமே, அந்த ஹம்மிங்கா? நல்லதுதான!"

"அதில்லீங்கம்மா. ஊஊம்னு அடியில ஓடீட்டே இருக்குதுங்க. இத வெச்சுட்டு நான் எப்படிங்க கடையில விக்கறது?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கலயே அத்தே!" என்றாள் ஜிஜி.

"எனக்கும் கேக்கலட்டி. இந்த ஆளுக்குத்தான் காதுக்குள்ள வண்டு!"

"ஆத்தா மேல சத்தியமா கேக்குதுங்க."

ஜிஜிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை நாள் பட்ட பாடும் மண்ணாய்ப் போயிற்றே! இதைக் கட்டிக்கொண்டு அழுததெல்லாம் போதும், பழைய சாமான் எடுக்கிற ஆக்கிரிக்காரனுக்கே போட்டுவிடலாம். விறுவிறுவென்று போய் ப்ளக்கைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது.

கோகுல்நாத் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. விரலை மட்டும் உயர்த்தினார்.

"இப்பக் கேளுங்க, இப்பக் கேளுங்க! இன்னும் தெளிவாக் கேக்குதுங்க!"

ஜிஜி தன் கையைப் பார்த்தாள். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

"சார்... ப்ளக்கு எங்கையிலல்லா இருக்கு!"

கோகுல்நாத் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். ப்ளக்கையும் அணைந்த விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெடித்துக்கொண்டு வந்ததே ஒரு சிரிப்பு!

"தோத்துட்டனுங்க அம்மிணி! இனி நம்ம கடை ரிப்பேரு பூராவும் உங்களுக்குத்தானுங்க!" என்றவர், எழுந்து பின்பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறந்தார். ஊஊம் என்று முழுசாக உள்ளே வந்து விழுந்தது. "ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இதென்ன சத்தமுங்க?"

மதலேனம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுவா? இது நம்ம ஃபாக்டரி ஓடுதுல்லா! இதையெல்லாமா ஒரு சத்தம்னு சொல்லுவாக?"