ஒரு சாண் உயரத்தில்

கொரோனாவால் இரண்டு வருடம் கட்டிக்கிடந்த சொகுசுக் கப்பல் மறுபடி கிளம்பிய முதல் பயணம் அது. மதியச் சாப்பாட்டில் ரசத்தை உறிஞ்சியபோது அம்பலவாணனுக்குப் புரையேறியது. கூடம் முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றது. ஒரு தாய் குழந்தையின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நோய் என்று தெரிந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடலாம் என்று ஏறும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள்.

"சாருக்குக் காய்ச்சலா மேடம்?" பரிமாறுகிறவன் தள்ளி நின்றே கேட்டான்.

"இல்லப்பா, புரைதான்," என்றாள் அவர் மனைவி மரகதம்.

புரை என்றால் தலையில் தட்டுவாளே என்று எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். கை எழுந்தது. அவர் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றுவிட்டது. கொரோனா வந்த வருடம் இதே மாதிரி இருமியபோதுதான் அவரை அறைக்குள் விட்டு வெளியே தாழ்போட்டாள். பதினான்கு நாள் சாப்பாட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

கண்ணில் நீர் முட்ட அவர் அந்தக் கையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டு, இருமலுக்கு நடுவே அவளிடம் சொன்னார்:

"யாரோ நெனைக்கிறாங்க."